முடிச்சு வரை

அப்பா, அக்கா, நான். மலைத்தண்ணீர் இறங்கிச் சில்லென்றிருக்கும் சின்ன ஏரியின் கரையில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருப்போம். இன்று பழைய பெட்டியில் அப்பாவின் தூண்டில் கயிறு கையில் பட்டது. ஐப்பசியில் மீன் மேலே மேயுமென்று மண்புழு கோத்து இரண்டு முழம் விடுவார்; மார்கழிக் குளிரில் அடியில் கிடக்குமென்று களி உருண்டை வைத்து, முடிச்சுப் போட்ட ஐந்தாவது முழம் வரை இறக்குவார். கயிற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போன மார்கழியில், வேறொரு கயிற்றில் நானே ஐந்து முழம் அளந்து விட்டேன். ஒன்றும் கடிக்கவில்லை.

“அது அப்பன் முழம் சாமி, உன்ற அரைக்கையில அளந்தா மீனுக்கு எட்டுமா?” என்றாள் அக்கா.

அப்பா திரும்பவில்லை, அவர் கொண்டுபோன பெட்டிதான் வந்தது. அக்காவும் இப்போது இல்லை. ஏரியை மூடி மனை போட்டுவிட்டார்கள்.

முடிச்சு வரை என் கையால் அளந்தேன். ஐந்து முழம்.