உறுமிக்கு ஒரு மென்பொருள்

என் மனைவிக்கு ஒரே ஆசை. குளிர்மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா மேடையில் ஒரு தடவையாவது பாட வேண்டும். வருஷா வருஷம் கோயில் கமிட்டி கீழே ஈப்போ நகரத்திலிருந்து பாட்டுக் குழுவை வரவழைக்கும். இவள் கீழே நின்று கைதட்டுவாள். இந்த வருஷம் கமிட்டித் தலைவரிடம் நேரில் போய்க் கேட்டே விட்டாள். "ஞாயித்துக்கெழம மண்டபத்துக்கு வர்றோம், பாடிக் காட்டுங்க. நல்லாருந்தா நீங்கதான்" என்றார் அவர்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். பாட அவள். உறுமி மேளம் அடிக்க அவள் தம்பி. பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். கீபோர்டும் லேப்டாப்பும் நான். மற்ற வாத்தியங்களுக்கு ஆளில்லை, லேப்டாப்தான் வாசிக்க வேண்டும். அதற்கு எந்த மென்பொருள் என்பதில் வீடு ரெண்டுபட்டது.

நான் மயங்கியது ஒலிப்பதிவுக்கென்றே செய்த ஒன்றில். பாட்டு முழுவதும் வண்ண வண்ணக் கோடுகளாகத் திரையில் நீண்டு கிடக்கும். குரலை வெட்டலாம், ஒட்டலாம், நடுவில் வந்த இருமலைக்கூட எடுத்துவிடலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில் மச்சினனின் உறுமியைப் பதிந்து, தாளத்தைச் சரிசெய்யும் பொத்தானையும் அமுக்கிவிட்டேன். அடிகளெல்லாம் ஓடிப்போய் வரிசையில் நின்றன. போட்டுக் கேட்டால், பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகள் லெஃப்ட் ரைட் போடுவதுபோல இருந்தது.

மச்சினன் ஹெட்போனைக் கழற்றினான். "என்னா மச்சான் இது? இதக் கேட்டா வந்த சாமியும் திரும்பிப் போயிரும் லா!"

மனைவி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். எனக்குக் கோபம்தான், ஆனால் அவன் சொன்னது நியாயம். உறுமி ஒரே வேகத்தில் நிற்காது. பாட்டு சூடேற ஏற அதுவும் ஏறும், யாருக்காவது அருள் வந்தால் பறக்கும். எந்த இடத்தில் வேகம் கூட வேண்டும் என்று என் மென்பொருளில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். ஆனால் யாருக்கு எப்போது அருள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து எடுத்துப் பார்த்த மென்பொருள், மேடைக்கென்று செய்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றைத் தொட்டால் நாதஸ்வரம், இன்னொன்றைத் தொட்டால் தவில். நிறுத்தும்வரை சுற்றிச் சுற்றி ஒலிக்கும். லேப்டாப்போடு இணைத்த கால் பெடலை மிதிக்கிற வேகத்துக்கு எல்லாமே வேகம் மாறும். பார்க்க அழகில்லை, ஒலிப்பதிவுக்கும் அவ்வளவு தோதில்லை. எனக்குப் பிடிக்கவேயில்லை. மனைவியோ, "நீங்க மிதிச்சா லேட்டாவுது. பாடுறவளுக்குத் தெரியாதா, எங்க ஏறும்னு?" என்று பெடலைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்தது. தலைவர் லேப்டாப்பைப் பார்த்த பார்வையே சரியில்லை. "சாமிக்கு கம்ப்யூட்டரா?" என்றபடி முன்வரிசையில் தன் மனைவியோடு உட்கார்ந்தார்.

இவள் பாடத் தொடங்கினாள். மச்சினன் மெல்ல ஏற்றினான், இவள் கால் கூடவே ஏறியது, நாதஸ்வரமும் தவிலும் பின்னாலேயே ஓடி வந்தன. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அப்போது தலைவரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தார். தலை சுழன்றது, கொண்டை அவிழ்ந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! இது ரிஹர்சல்தான் தாயே!" என்று தலைவர் அலறினார். பதற்றத்தில் நான் தப்பான பெட்டியைத் தொட, குலவைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. அந்த அம்மா ஆடத் தொடங்கினார். இந்தக் குளிரில் வேப்பிலைக்கு எங்கே போவது? ஒருவர் வெளியே ஓடி, கைக்குக் கிடைத்த தேயிலைக் கொத்தை ஒடித்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

தலைவர் கைகூப்பினார். "ஒனக்கு என்னா வேணும் தாயே?"

தேயிலைக் கொத்து நேராக என் மனைவியைக் காட்டியது.

"எம் பொண்ணு பாடட்டும்!"

தலைவர் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். இவள் பாட்டு நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. கால் மட்டும் பெடலை விடவில்லை. தாளம் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாடுக்கா!" என்று கத்தினான் தம்பி. "சாமி காத்துக்கிட்டு இருக்கு!"