நஸீமின் புள்ளி

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு மினி பஸ்ஸைப் பார்த்தேன். நெற்றியில் சிவப்பு விளக்கு எழுத்து: 'ஒரததநாடு'. புள்ளியைக் காணோம்! மற்றவர்கள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்தார்கள். நான்தான் அண்ணாந்து பார்த்தபடி நின்று பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

ஒரு புள்ளிக்கா இந்த அமர்க்களம் என்பீர்கள். எனக்குத் தெரிந்து ஒரு புள்ளி... ஒரு குடும்பத்தையே ஆட்டிப் பார்த்திருக்கிறது.

அப்போது கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாதி ஊர் துபாயில், மீதி ஊர் பாஸ்போர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த காலம். எதிர்வீட்டு நஸீமின் கணவர் ஜப்பார் லீவில் வந்திருந்தார். திரும்பிப் போகிற டிக்கெட் பீரோவில் தயாராக இருந்தது. ஆனால் வாய்க்கால் கரையில் ஒரு மளிகைக் கடை போடுவது, ஓடினால் இங்கேயே தங்கிவிடுவது என்றும் ஒரு பேச்சு. நஸீம் அந்தப் பேச்சைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமானதிலிருந்து ஒரு குறுவை நடவிலிருந்து அறுப்பு வரைகூட அவர் அவளோடு இருந்ததில்லை.

கடைக்கு அவள் பெயர்தான் – 'நஸீம் மளிகை'. ஜப்பார் துபாயிலிருந்தே எழுத்து ஓடுகிற போர்டு ஒன்றைத் தூக்கி வந்திருந்தார். அதற்கு இங்கிலீஷ் தெரியும், அரபி தெரியும். தமிழ் தெரியாது! தன் பெயரைத் தானே படிக்கிற மாதிரி இருந்தால்தான் ஆச்சு என்று நஸீம் சொல்லிவிட்டாள். போர்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

அதற்கு வேண்டியது பிட்மேப் ஃபான்ட் – கட்டம் கட்டமாக, புள்ளிகளால் ஆன எழுத்து. என்னிடம் இருந்த தமிழ் ஃபான்ட் ஒரு ஃபார்மட், போர்டு கேட்டது வேறு ஃபார்மட். மாற்றித் தர ஒரு குட்டி டூல் இருந்தது. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் வேலை முடிந்தது. முடிந்தது என்றுகூடச் சொல்லாது... சரியான அழுத்தக்காரன்!

திறப்புக்கு முதல் நாள், வெயில் தாழ்ந்த நேரம், கடை வாசலில் போர்டை ஏற்றினோம். எழுத்துகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. 'நஸீம மளிகை'.

நஸீம் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நஸீமா? ஏங்க... யாரு அது?"

விளையாட்டில்லை. நஸீமா என்பது வேறொரு பெண்ணின் பெயராயிற்றே. இத்தனை வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷன். அங்கே யார் யாரோடு பழகினார் என்று இவளுக்கு என்ன தெரியும்? ஜப்பாருக்கு முகம் சுண்டிவிட்டது. வெயிலில் வெந்து சம்பாதித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது, அந்த டிக்கெட்டிலேயே போய்த் தொலைகிறேன் என்று முனகியபடி ஸ்விட்சை அணைத்தார்.

அது எழுத்துப் பிழை என்று நான் சொன்னது இருவர் காதிலும் ஏறவில்லை. சென்டருக்கு ஓடினேன். அதே டூலிடம், இந்தத் தடவை ஃபான்டை வெறும் டெக்ஸ்டாக மாற்றச் சொன்னேன். விளக்கு எரிகிற இடத்துக்கு ஒரு நட்சத்திரம், எரியாத இடம் காலி. வரிசை வரிசையாக நட்சத்திரங்கள் இறங்கின, புதிதாக நட்ட வயல் மாதிரி. நடுவில் 'ம' கால் நீட்டிப் படுத்திருந்தது. வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்... எத்தனை வருஷமாக எழுதுகிற எழுத்து, இவ்வளவு அழகு என்று யார் கண்டது?

அப்புறம்தான் உறைத்தது. போர்டுக்குப் பதினாறு வரிசை, நம் எழுத்துக்குப் பதினேழு. மிஞ்சிய மேல்வரிசையை டூல் சத்தமில்லாமல் நறுக்கியிருந்தது. 'ஸீ', 'ளி' எல்லாம் உச்சி மழுங்கியிருந்தன, அதை யார் கவனித்தார்கள்? புள்ளி மட்டும் முழுசாகப் போயே போய்விட்டது. அடியில் ஒரு வரிசை சும்மா கிடந்தது. எல்லா எழுத்தையும் ஒரு வரிசை கீழே இறக்கி, 'ம' தலையில் புள்ளியை வைத்து, மறுபடி மாற்றினேன்.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு முடிந்ததும் போர்டைப் போட்டோம். 'நஸீம் மளிகை'.

ஜப்பார் போர்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரை தொட்டுப் போகும் தண்ணீரில் அவள் பெயர் தலைகீழாக, சிவப்பாக அசைந்தது. புள்ளி அடியில் இருந்தது.

"தண்ணியில பாருங்க டீச்சர்... முற்றுப்புள்ளி மாதிரி இருக்கு," என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, மெதுவாக, "துபாய்க்குத்தானேங்க?"

அந்த டிக்கெட் பீரோவிலேயே காலாவதியாகிவிட்டது.