ஏழாம் நம்பரின் நான்காவது ஃபவுல்

கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரி உள்ளே போவதற்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. பயிற்சியாளர் கையசைக்க வேண்டும், அவள் ஸ்கோர் மேசைக்கு வந்து தன் எண்ணைச் சொல்ல வேண்டும், பந்து நிற்க வேண்டும், நடுவர் கூப்பிட வேண்டும். பிற்காலத்தில் முப்பத்து நாலு வருட அரசு உத்தியோகத்தில் நான் பார்த்த எந்தக் கோப்பும் இவ்வளவு சீராக நகர்ந்ததில்லை. அந்த நடைமுறையில் நான் முறைகேடு செய்தபோது எனக்கு ஒன்பது வயது.

என் சித்தி, அம்மாவின் தங்கை, மராத்தி பேசும் ஊரில், கோர்படி ரயில்வே குடியிருப்பில் எங்களோடு தங்கிக் கல்லூரியில் படித்தாள். கல்லூரி அணியில் கார்டு. அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பவள். வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்தாதவளுக்குப் பொருத்தமான பதவி என்பாள் அம்மா. முந்தைய வருடம் இடது முட்டி பிசகி, கட்டும் படுக்கையுமாக ஒரு பருவம் முழுவதும் போயிற்று. திரும்பி வந்தபோது அவள் இடத்தில் ஏழாம் நம்பர் பனியனோடு முதலாண்டுப் பெண் ஒருத்தி நின்றாள். போதாததற்கு நன்றாகவும் ஆடினாள். சித்திக்கு பெஞ்சு.

அன்றைய ஆட்டம் முடிந்ததும் வெளியூர்ப் போட்டிக்கான பட்டியலைப் படிப்பதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். முட்டி குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழை அவர் வாங்கி வைத்துக்கொண்டார், நம்பவில்லை. ஆடிக் காட்டினால்தான் நம்புவார், நம்பினால்தான் ஆடவிடுவார். இதே மாதிரியான நிபந்தனையைப் பின்னாளில் நானே பலருக்கு விதித்திருக்கிறேன்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவள். பலகை தூக்க வேண்டிய மாணவி வராததால், ஸ்கோர் எழுதிய கணக்கு வாத்தியார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்று முதல் ஐந்து வரை எழுதிய சிறு பலகைகளைக் கொடுத்தார். யாராவது ஃபவுல் செய்தால் அது அவளுக்கு எத்தனையாவது என்று அவர் சொல்வார். நான் அந்த எண்ணை உயர்த்த வேண்டும். ஐந்தானால் ஆட்டக்காரி வெளியே. நாலு ஆனதுமே பயிற்சியாளர்கள் பயந்து பெஞ்சுக்கு அழைத்துவிடுவார்கள். இதைச் சித்திதான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் பாதியில் ஏழாம் நம்பர் எதிரணிக்காரியின் கையில் அடித்துவிட்டாள். வாத்தியார் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஸாத் நம்பர், தீன்" என்றார். ஏழுக்கு மூன்று. நான் நாலைத் தூக்கினேன். தவறுதலாக அல்ல.

"தீனச் ஆஹேத், ஸர்!" மூன்றுதான் என்று ஏழாம் நம்பர் விரல்களை விரித்துக் கத்தினாள். பயிற்சியாளர் என் பலகையைச் சுட்டிக்காட்டினார். எழுத்தில் வந்துவிட்டதற்கு மேல் பேச்சு ஏது? சித்தி எழுந்து மேசைக்கு வந்தாள், தன் எண்ணைச் சொன்னாள், என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

முதலில் வலது காலை நம்பியே ஆடினாள். பந்து வந்தால் சூடான பாத்திரம்போல உடனே கைமாற்றினாள். பிறகு ஒருமுறை இடது காலை ஊன்றித் திரும்பினாள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை அதே காலில் எம்பிக் கூடையில் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். ஆறு நிமிடம் ஆகியிருக்கும். பந்து கோட்டுக்கு வெளியே போனபோது நேராக மேசைக்கு வந்து, ஏழாம் நம்பரின் கணக்கை ஒருமுறை சரிபார்க்கும்படி வாத்தியாரிடம் பணிவாகக் கேட்டாள்.

தாளில் மூன்றுதான் இருந்தது. சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று. பலகைகள் என்னிடமிருந்து பறிக்கப்பட்டன. ஏழாம் நம்பர் உள்ளே போனாள், சித்தி பெஞ்சுக்குத் திரும்பினாள். ஆட்டம் முடிந்து படிக்கப்பட்ட பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. தன் வாய்ப்பே போனாலும் உண்மையைச் சொன்ன பெண் என்று பயிற்சியாளர் சித்திக்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஏழாம் நம்பர் மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டினாள்.

பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது.

"உனக்காகத்தான செஞ்சேன் சித்தி. நீயே போயிச் சொல்லிட்டியே."

"தப்புன்னா சொல்லணும்லாட்டி."

"மூணுதான்னு உனக்கு எப்பம் தெரியும்?"

"நீ தூக்கும்போதே தெரியும். பெஞ்சில இருக்கவளுக்கு அவ ஃபவுல எண்ணுதத விட்டா வேற என்ன சோலி?"

"பெறவு ஏன் அப்பமே சொல்லல?"

சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "முட்டி தாங்குதான்னு பாக்காண்டாமா?"

"தாங்கிச்சா?"

"தாங்கிச்சுட்டி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், கேட்டதுமே கொடுத்துவிட்டாள். அன்று தப்பு செய்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, கோர்படி வரும்வரை அவள் தோளில் சாய்ந்து தூங்கினேன்.