வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் பாய் விற்ற வண்டியும்

இதை எழுத இரண்டு வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடைக்காரன், எனக்கு எங்கே எழுத வரும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. என்னால் ஒரு நல்ல மனுஷனுடைய பேர் கெட்டது. அதைச் சரிபண்ண வேண்டுமானால் என் தப்பை நானே வெளியே சொல்லியாக வேண்டும். அந்தப் பயம்தான். காலையில் சாமி முன்னால் நின்று திருநீறு பூசும்போதெல்லாம் கை கூசியது.

அந்த மனுஷர் பேகம்பூரில் பழைய வண்டி வாங்கி விற்கிற பாய். என் மகளை ஆயக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்த மாசமே நான் பாயிடம் போனேன். வளைகாப்புக்குக் குடும்பத்தோடு போய், சொந்த வண்டியில் பிள்ளையை அழைத்து வர வேண்டும் என்பது என் ஆசை. ஏழு பேர் உட்காரலாம். பெட்ரோலிலும் பெரிய பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் வண்டி அமைந்தது.

சாவியைக் கொடுக்கும் முன் பாய் இரண்டு விஷயம் சொன்னார். வண்டியை நிறுத்தியே வைத்தால் ஸ்டார்ட் பண்ணுகிற சின்ன பேட்டரி இறங்கிப்போகும், வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓடவிட வேண்டும் என்பது ஒன்று. அப்புறம் குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த சல்லடை மூடியைக் காட்டினார். பெரிய பேட்டரி சூடாகும்போது வண்டிக்குள் இருக்கிற காற்றை அந்த வழியாகத்தான் ஃபேன் உள்ளே இழுக்குமாம்.

"அண்ணே, இது அதுக்கு மூக்கு மாதிரி. அடைச்சிராதீங்க. உள்ள ஃபில்டர் இருக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கழட்டித் தட்டுங்க."

முதலாவதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை ஓடவிடச் சொன்னாரே, அதை வெள்ளிக்கிழமை ஆக்கிக்கொண்டேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்து வண்டியை ஆன் பண்ணி ஏசியை ஓடவிடுவேன். தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணியை அள்ளிப்போட்டு, சீட்டுக்குக் கீழே தட்டில் வைத்துக் கதவுகளைச் சாத்துவேன். கண்ணாடி எல்லாம் வெள்ளையாய் மூடிக்கொள்ளும். வெளியே நின்று முருகன் பாட்டுச் சொல்லி முடித்த பிறகு கதவைத் திறந்து, ஒரு பிடி திருநீற்றை எடுத்து உள்ளே ஊதுவேன். சீட்டு ஓரம் உதிர்ந்த மல்லிகையைக்கூடப் பொறுக்க மாட்டேன், சாமிக்குப் போட்ட பூ. மற்றவர்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது பத்தவில்லை. பிள்ளைத்தாச்சி வரப்போகிற வண்டி அல்லவா.

நாலைந்து மாசத்தில் பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாய் தட்டச் சொன்னாரே, தட்டினீங்களா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். சாமி பார்த்துக்கொள்ளும் என்றேன். கரி பிடித்த அண்டாவைத் தேய்த்தே காலம் தள்ளுகிறவன் நான். புகை எங்கே போய்ப் படியும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் தோன்றவில்லை.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. வெயில் கொளுத்துகிற நேரம், மகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். முன்னால் என் பக்கத்தில் மச்சினன், அகரத்துக்காரன். பின்னால் வீட்டுக்காரியும், இரண்டு கை நிறைய வளையலோடு மகளும். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது சத்தம் அதிகமானது. திரையில் சிவப்பாய் எழுத்து வந்தது. மச்சினன் எழுத்துக்கூட்டிப் படித்தான்: சூடு அதிகம், ஓரமாக நிறுத்தவும். நான் நிறுத்துவதற்கு முன்னால் வண்டியே இழுவை விட்டுவிட்டது. ஏசியும் நின்றது.

நிழல் என்று பார்த்தால் ஒரு கருவேல மரம். மகளை இறக்கி அதன் கீழே உட்காரவைத்தோம். வீட்டுக்காரி சீர்த்தட்டால் விசிறினாள். மகள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கையை வயிற்றில் வைத்து அழுத்தினாள். வளையல் கலகலவென்றது.

"அப்பா, வயிறு இறுகுதுப்பா."

முருகா முருகா என்றேன். மச்சினன் வண்டியை ஒரு உதை உதைத்தான். "பாய் நல்லா தலையில கட்டிட்டாரு மச்சான்" என்றான்.

அப்போது நான் சொன்னேன்: "ஆமா. ஏமாத்திப்புட்டாரு."

அந்த வார்த்தைதான். பாய்க்குப் போன் போட்டு, மச்சினனுக்கும் கேட்கிற மாதிரி வைத்து, வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. பிள்ளையை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். பிறகு கேட்டார்: "அந்த ஃபில்டரக் கழட்டுனீங்களா அண்ணே?" நான் போனை வைத்துவிட்டேன்.

வழியில் வந்த ஆட்டோ ஒன்றில் மகளையும் வீட்டுக்காரியையும் ஏற்றி, மச்சினனைத் துணைக்கு அனுப்பினேன். நான் மட்டும் வண்டியோடு நின்றேன். அரைமணி நேரம் கழித்துத்தான் போன் வந்தது. வெயிலும் அலைச்சலும்தான் காரணம், பொய் வலி, பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து மெக்கானிக் வந்து அந்தச் சல்லடையைக் கழற்றினார். உள்ளே இருந்த ஃபில்டர் கறுப்புக் கம்பளி மாதிரி வந்தது. புகைக்கரி, அதன் மேல் ஈரம் பட்டு அப்பிய திருநீறு, நடுவில் காய்ந்த மல்லிகை. மோந்து பார்த்தார்.

"என்னண்ணே, கோயில் வாசம் அடிக்குது?"

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பேட்டரி நல்ல பேட்டரிதான், மூச்சுவிட வழியில்லாமல் தவித்திருக்கிறது என்றார். உள்ளே ஃபேனிலும் பிசின் மாதிரி கரி. அதைத் துடைத்து, காற்றடித்து, ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தார். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் மச்சினன் என்ன ஆச்சு என்று கேட்டான். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றேன். பாய் பேர் கெட அதுவே போதுமாயிருந்தது.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அகரத்தில் பாயிடம் வண்டி பேசி வைத்திருந்த இரண்டு வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் நான் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தபோது பந்தலில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், பேகம்பூர் பாய் வித்த வண்டி ஒரு பிள்ளைத்தாச்சியை நடுரோட்டில் விட்டுவிட்டதாம் என்று. நான் அண்டாவுக்குள் தலையை விட்டு, இல்லாத அழுக்கைத் தேடினேன்.

போன மாசம்தான் பாயிடம் போனேன். மதியத் தொழுகை முடிந்து வந்து கடை திறந்துகொண்டிருந்தார். சாம்பிராணி முதல் மல்லிகை வரை ஒன்று விடாமல் சொன்னேன். பூட்டைக் கையில் வைத்தபடியே கேட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை.

"இத எங்கிட்டச் சொல்லி என்னண்ணே செய்ய? எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவங்க அகரத்துல இருக்காங்க."

நேரே அகரம் போய் மச்சினனிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாய் மிரட்டுனாரா மச்சான்?" என்றான். மறுநாள் அந்தக் கதையும் ஊரில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வாயால் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி இன்றும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி வீட்டுக்குள்தான். படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவும் வேண்டாம், எனக்காகப் பாவப்பட்டு எதையும் குறைக்கவும் வேண்டாம். பாய் அந்தச் சல்லடையைக் காட்டி எச்சரித்ததையும் சொல்லுங்கள், நான் தட்டாததையும் சொல்லுங்கள், அந்த மரத்தடியில் நான் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொல்லுங்கள்.