தொப்புளுக்குக் கீழே ஒரு கயிறு

கிள்ளானில் என் கணவரின் அண்ணன் நெஞ்சடைத்து இறந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கும் என் கணவரைப் போலவே பெரிய தொந்தி. காரியம் முடிந்து பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் திரும்பியதும், கைக்குழந்தையோடு என் கணவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"இதயம் இப்போதைக்கு நல்லாருக்கு. இடுப்பைக் கவனிங்க. அது பெருத்துக்கிட்டே போனா ஆபத்து. சோத்தைக் குறைக்கணும்," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் தையல் நாடாவை எடுத்தேன். மாமியார் பிடுங்கிக்கொண்டார்.

"உசுரோட இருக்கிறவனை அளப்பாங்களாடி? பொணப்பொட்டி செய்யிறவன்தான் அளப்பான்!"

"டாக்டர் சொன்னாரு அத்தை."

"இடுப்புதானே? அரைஞாண் கயிறு எதுக்கு இருக்கு? இறுக்கினா அவனே சொல்லப்போறான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதெல்லாம் கேட்பேன்.

"கயிறு இறுக்குதாங்க?"

"ரெண்டு விரல் தாராளமாப் போகுது. போதுமா, டாக்டரம்மா?"

மாமியார் அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார். ஆனால் சட்டைப் பொத்தான்கள் தெறித்துக்கொண்டே இருந்தன. தைத்துத் தைத்து எனக்கு அலுத்துவிட்டது. டோபி வெளுத்துச் சட்டையைச் சுருக்கிவிட்டான் என்றார் என் கணவர். ஸ்டேஷன் படியேறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. அதற்கு யாரைக் குறை சொல்வது? நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்றும் இருந்தது.

மறுபடி போனபோது டாக்டரிடம் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் என் கணவரைச் சட்டையைத் தூக்கச் சொல்லி, தொப்புளைச் சுற்றி நாடாவை வைத்தார். பிறகு நெஞ்சைச் சுற்றி. வயிறுதான் அதிகம்.

"நான் இடுப்புன்னு சொன்னது இங்கம்மா. உங்க கயிறு வயித்துக்கு அடியில போய்க் கிடக்கு. மேல எவ்வளவு பெருத்தாலும் அதுக்கு எப்படித் தெரியும்?"

மாதக்கணக்காகக் கயிற்றை நம்பியிருந்தோம். எரிச்சலை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

அன்று ஒரு கரண்டி குறைத்துப் பரிமாறினேன்.

"எம்புள்ளையப் பட்டினி போடறியா? ஒருத்தனைத்தான் பறிகொடுத்துட்டேனே!" என்றார் மாமியார்.

"அதுக்குத்தான் அத்தை சொல்றேன்."

என் கணவர் என்னைப் பார்க்காமல் தட்டை அம்மாவிடம் நீட்டினார். "இன்னிக்கு மட்டும்மா."

நான் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். வேலைக்குப் போகிற மனுஷன், அரைவயிற்றோடு எழுந்தால் பாவமில்லையா என்று உள்ளே நின்று தவித்தேன். வெளியே மாமியார் திட்டிக்கொண்டிருந்தார். பானையைத் திரும்பக் கொண்டுபோகவில்லை.