எட்டாவது தோள்

எங்கள் தெருப் பள்ளிவாசலின் பின்கட்டில் சந்தூக்கு நிற்கிறது. மையித்தை, அதாவது இறந்தவர் உடலை வைத்து, அடக்கம் செய்கிற மையவாடிக்குத் தூக்கிப்போகும் மரப்பெட்டி அது. தோளில் தாங்குவதற்கு நாலு மூலையிலும் கைப்பிடிகள் உண்டு. மூன்று கைப்பிடிகள் வெறும் மரமாக வழவழத்துக் கிடக்க, பின்பக்கத்து இடது கைப்பிடியில் மட்டும் பழைய கைலித்துணி இறுக்கிச் சுற்றியிருக்கும். தோள் உறுத்துகிறது என்று செகரட்டரி மாமா முதன்முதலில் சுற்றியது. துணி நைந்தால் வேறு துணி வரும். சுற்று மட்டும் அந்த ஒரு கைப்பிடியை விட்டு நகர்ந்ததே இல்லை.

செகரட்டரி மாமா எனக்கு ரத்த உறவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் செகரட்டரியாக இருந்ததால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அறுபதுகளின் தொடக்கம் அது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், மீசை அரும்பியதும் கப்பலேறுவதுதான் எங்கள் ஆண்பிள்ளைகளுக்கு வழக்கம். பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று ஆளுக்கொரு சீமை. தெருவில் மிஞ்சியது வயசாளிகளும், கப்பல் எப்போது வரும் என்று காத்துக்கிடந்த பெண்களும். புருஷன் சில வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டினால் எத்தனை தொட்டில் ஆடும்? மதரஸாவில் விரித்த பாயில் பாதி காலியாகக் கிடந்தது. வீடுகள் மட்டும் பெரிது பெரிதாக எழும்பின. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, பணக்காரத் தெரு என்று வயிறெரிந்தார்கள். ஒரு நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துச் சிதம்பரம் பஸ் வரைக்கும் தூக்கிப்போக அங்கே ஆள் கிடையாது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

ஓர் ஐப்பசி மழையில் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் மவுத்தானார். கனத்த சரீரம். வலுவுள்ளவர்கள் என்று அன்றைக்கு ஊரில் இருந்தது நானும் இன்னும் இரண்டொருவரும்தான். மற்றவர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். தொழுகை முடிந்து தூக்கினோம். கெண்டைக்கால் வரைக்கும் சேறு. பாதி வழியில் முன்னால் தாங்கிய ஒருவருக்கு மூச்சு முட்டியது. "எறக்குங்கப்பா, எறக்குங்க" என்று அலறினார். "எறக்காதீங்க, எறக்காதீங்க" என்று மாமா பின்னாலிருந்து கத்தினார். அதற்குள் சந்தூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே உடல் நகர்ந்து பலகையில் இடித்த சத்தத்தை என் காது கேட்டது. இன்றைக்கும் அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும். சேற்றில் இறக்கிவைத்து, தூக்கி, மறுபடி இறக்கித்தான் மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடக்கிவிட்டுக் கைகழுவும்போது மாமா பொதுவாகச் சொன்னார். "சீமையிலேர்ந்து காசு அனுப்புறானுவ. தோளு அனுப்புவானுவளா?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சட்டம் போட்டார். "தெருவுல எப்பவும் எட்டு எளவட்டம் இருக்கணும். நாலு பேரு தூக்க, நாலு பேரு தோள் மாத்த. ஒருத்தன் வந்து எறங்குனாத்தான் இன்னொருத்தன் ஏறணும்." அடுத்தடுத்து ஊர் வந்தவர்களை நிறுத்திவைத்து எட்டையும் சேர்த்தார். அதன்பிறகு வந்திறங்குகிறவனும் போகிறவனும் நாகப்பட்டினம் கடற்கரையிலேயே இரண்டு கையாலும் கைகொடுத்துக்கொள்ள வேண்டும். மாமா பக்கத்தில் நின்று "ஆளு மாறியாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் போகிறவன் தன் பயணப்பெட்டியைத் தொடலாம். இப்படி ஒரு கூத்து வேறெந்த ஊரிலும் நடந்ததாக நான் கேட்டதில்லை. தெருப் பெண்கள் அவருக்குக் கப்பல் ஏஜெண்டு என்று பெயர் வைத்தார்கள். "புள்ளைய இங்க கட்டிப்போட்டா அவரா வந்து அடுப்பெரிப்பாரு?" என்று என் உம்மாவே அவர் காதில் விழும்படி கேட்டாள். ஆனாலும் யாரும் மீறவில்லை. மீறினால் ஊர்விலக்கு, அபராதம் எதுவும் கிடையாது. அடுத்த மையித்து யார் வீட்டில் என்று யாருக்கும் தெரியாதே, அந்தப் பயம் போதுமானதாக இருந்தது.

என் முறை வந்தது. தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பின்னும் பெண் தன் வீட்டில்தான் இருப்பாள். அவளுக்கென்று ஒரு வீடு எழுப்பியாக வேண்டும். வாப்பா காலமாகிவிட்டதால் அது என் தலையில் விழுந்தது. பினாங்கில் கடை வைத்திருந்த உறவுக்காரர் அங்கே இறங்குவதற்கு எனக்குப் பாஸ் வாங்கி அனுப்பியிருந்தார். மலாயாவில் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம். குறிப்பிட்ட கப்பலைத் தவறவிட்டால் பாஸ் காலாவதியாகிவிடும், இன்னொன்று கிடைக்காது, கல்யாணமும் நின்றுபோகும். எனக்கு மாற்றாக அதே கப்பலில் வரவேண்டியவர் மாமாவின் ஒரே மகன். நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர். போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

நானும் மாமாவும் சிதம்பரத்தில் ரயிலேறினோம். என் மடியில் தகரப்பெட்டி. அவர் மடியில் மகனுக்காக மாமி செய்து கொடுத்த வட்டலப்பம், தூக்குச்சட்டியில். ரயில் குலுங்கும்போதெல்லாம் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டிருந்தது. ஆட்களைத் தோணிகளில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தோணி வரும்போதும் மாமா எழுந்து தண்ணீரோரம் போவார். முகங்களைத் துழாவிவிட்டுத் திரும்பி வந்து, "அடுத்ததுல வருவான்" என்பார். கரையில் அழுகையும் கட்டிப்பிடிப்பும் சாமான் இறக்குகிற கூச்சலுமாக இருந்தது. போகிறவர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசித் தோணியும் வந்து காலியானது. அதிலிருந்து இறங்கிய நாகூர்க்காரர் ஒருவர் மாமாவை அடையாளம் கண்டு கிட்டே வந்தார். "ஒங்க மவன் ஏறலீங்க. அவரு அங்கயே ஒரு குடும்பம் பண்ணிக்கிட்டாரே, ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றார் மாமா. தெரியாது என்பதை அவர் முகம் சொன்னது.

நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மாற்று ஆள் இல்லை என்றால் ஏறக்கூடாது. சட்டம் போட்டவரே எதிரில் நிற்கிறார். அவருடைய மகன் செய்ததற்கு என் தங்கை கல்யாணமாகாமல் கிடக்க வேண்டுமா? மீறி ஏறிவிடலாம் என்றும் தோன்றியது. சேற்றில் சாய்ந்த சந்தூக்கும் உம்மாவின் முகமும் மாறி மாறி வந்து என்னை எழவிடவில்லை. "மாமா, நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க" என்றேன். அழுகிற குரலில்தான் வந்தது. தோணிக்காரன் மறுபடியும் குரல் கொடுத்தான். மாமா தூக்குச்சட்டியை மணலில் வைத்துவிட்டு இரண்டு கையையும் என்முன் நீட்டினார்.

"புடி."

"என்ன மாமா?"

"கையப் புடிடா. நேரமாவுதுல்ல."

பிடித்தேன். "ஆளு மாறியாச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"நீங்களா மாமா? இந்த வயசுலயா?"

"எட்டுன்னா எட்டுதான். நீ ஏறு."

தூக்குச்சட்டியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். கப்பலில் அதைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. கெட்டு நாறிய பிறகு கடலில் கொட்டினேன்.

சில வருஷம் கழித்து நான் வந்திறங்கியபோது தங்கை வீடு எழும்பி, அவள் கையில் குழந்தையும் இருந்தது. நான் இறங்கிய அதே மணலில் எங்கள் தெருப் பையன் ஒருவன் எனக்குக் கைகொடுத்துவிட்டுக் கப்பலேறினான். பக்கத்தில் நின்று "மாறியாச்சு" என்ற மாமாவின் இடது தோள் நன்றாக இறங்கியிருந்தது. ஊருக்குப் போன பிறகு வந்த முதல் ஜனாஸாவில் பார்த்தேன், பின்பக்கத்து இடது கைப்பிடியில் துணி சுற்றி, அவர் தாங்கி நின்றார். "விடுங்க மாமா, நான்தான் வந்துட்டேனே" என்றேன். "நீ கப்பலேறுனானே அந்தப் பய, அவன் எடத்துக்கு வந்திருக்க. இது என் மவன் எடம். அதுக்கு நான்தான் நிக்கணும்" என்றார். பிடிவாதக் கிழவர். அதற்குப் பிறகு எந்த மையித்துக்குப் போனாலும் நான் கலிமா சொன்ன நேரத்தைவிட அவருடைய மூச்சைக் கவனித்த நேரம்தான் அதிகம். எங்கே நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன்.

கடைசியில் படுத்த படுக்கையானார். நான் மறுபடி பினாங்கு போகப் பாஸ் தயாராக இருந்தது. எனக்கு மாற்று ஆளும் அடுத்த கப்பலில் வருவதாக உறுதியாகியிருந்தது. சொல்லிக்கொள்ளலாம் என்று அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாமி விசிறிக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையும் மெல்ல வெளியே வந்து நீண்டன.

அந்தக் கையைப் பிடித்தால் எனக்கு இனிக் கப்பல் இல்லை. அவர் மகன் வரப்போவதில்லை. அந்த இடத்துக்கு மாற்று எந்தக் காலத்திலும் வராது. உங்கள் மகன் கணக்கை நான் ஏன் தீர்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கோபத்தில் கண்ணே கலங்கியது. நீட்டிய கைகள் கீழே இறங்கவில்லை. மணலில் என்முன் நீண்டபோதும் அவை இப்படித்தான் இறங்காமல் நின்றன. பிடித்தேன். அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நானே சொன்னேன். "ஆளு மாறியாச்சு, மாமா."

அவரைத் தூக்கியபோது, எனக்கு மாற்றாக வந்திறங்கியவனையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம். எங்கும் இறக்கவில்லை.

இப்போது பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சட்டமும் மாமாவோடு மெல்லப் போய்விட்டது. என் மகன் துபாயில் இருக்கிறான். "வாப்பா, அங்க தனியா என்னா பண்றீங்க? இங்க வந்துடுங்களேன்" என்று வாரந்தவறாமல் போனில் கேட்கிறான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். அஸருக்குப் பிறகு பின்கட்டுக்குப் போய் அந்தக் கைப்பிடித் துணியை அவிழ்த்து இறுக்கிச் சுற்றிவைக்கிறேன். இப்போது அதில் இருப்பது என் கைலி. என் கையைப் பிடிக்க இன்னும் யாரும் வரவில்லை.