பப்புவாக் கிணற்றுச் சீட்டு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் ஒழுங்காக முடித்தேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சிட்னியில் எங்கள் தமிழ் வீடுகளை இரண்டு கை விரலில் நாலு தரம் எண்ணி முடிக்கலாம் என்றிருந்த காலத்தில், அத்தனை வீட்டுக் குசினிக்குள்ளும் கேட்காமல் போகக்கூடிய ஒரே ஆம்பிளை நான்தான். டொக்டர் வீடு, இன்ஜினியர் வீடு என்ற பேதம் இல்லை. சனிக்கிழமையில் என் வான் தெருவில் திரும்பினால் உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுவிடும்.

இப்போது வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கினால் மிளகாய்த்தூள் வாசம் மூக்கில் அடிக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த வாசம் என் வானுக்குள் மட்டும்தான் இருந்தது. கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவனாக வந்து இறங்கியவன் நான். எப்படி நின்றேன், யார் கடிதம் கொடுத்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். துறைமுகத்துக் கிடங்கில் மூட்டை தூக்கி, அதே கிடங்கில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, கொழும்பிலிருந்து கறித்தூளும் புழுங்கலரிசியும் மாசிக் கருவாடும் இறக்கி விற்றேன். பட்டம் வாங்கினவர்கள் பஸ்ஸுக்கு நின்றபோது நான் வான் ஓட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அந்தக் கிடங்குக்காரனின் சிநேகிதன் ஒருவன் நகரத்துக்குள் ஒரு அறை எடுத்துக் கம்பனி தொடங்கியிருந்தான். பப்புவாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போகிறானாம். பப்புவாவை அப்போது அவுஸ்திரேலியாதான் ஆண்டது. எங்களை இங்கிலீஷ்காரன் ஆண்ட மாதிரி. அங்கே எங்கே தோண்டலாம், யார் தோண்டலாம் என்பதெல்லாம் இங்கே இருக்கிற ஒஃபிஸ்களில் தீர்மானமாகும். அவனிடம் அனுமதி இருந்தது, வரைபடம் இருந்தது, ஒரு சின்னப் போத்தலில் நிலத்தால் கசிந்த கறுப்பு எண்ணெயும் இருந்தது. பணம்தான் இல்லை.

ஏன் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் நிக்கல் பங்குகளில் சனம் விழுந்தடித்துக் காசைப் போட்டு, ஒரு கிழமை பணக்காரராகி அடுத்த கிழமை அழுதிருந்தது. வெள்ளைக்காரர் எல்லாரும் சூடு கண்ட பூனைகள். இவனுக்குச் சூடு காணாத பூனைகள் தேவைப்பட்டன.

நான் உள்ளே போனதும் அவன் எழும்பி வந்து கதிரை இழுத்துப் போட்டான். எனக்கு இந்த நாட்டில் கதிரை இழுத்துப் போட்ட முதல் வெள்ளையன். உனக்கு எத்தனை வீடு தெரியும் என்று கேட்டான். எல்லா வீடும் என்றேன். அவர்கள் உன்னை நம்புவார்களா என்றான். நான் சிரித்தேன். பிறகு கூட்டாளியோடு கதைப்பதுபோல என்னோடு கதைத்தான். சேர்க்கிற ஒவ்வொரு பங்குக்கும் எனக்குக் கொமிஷன் என்றான். அந்தக் காசில் பின்னர் இரண்டாவது வான் வாங்கினேன். மறைக்கவில்லை.

பங்கின் முழு விலையையும் ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை. முதலில் கால்வாசி. குழாய் கீழே இறங்க இறங்க, காசு முடிய முடிய, கம்பனி மிச்சத்தைப் பகுதி பகுதியாகக் கேட்கும். அப்படிக் கேட்பதை அவர்கள் 'கோல்' என்றார்கள். கம்பனியின் பெயருக்குப் பின்னால் இரண்டு இங்கிலீஷ் எழுத்தும் இருந்தது. பெயருக்குப் பின்னால் எழுத்துப் போடாத ஆள் எங்கள் வீடுகளில் இல்லை. பட்டம் மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்காளராக வேலை செய்த தம்பி ஒருவரின் வீட்டில் எல்லாரையும் கூட்டினேன். என் செலவில் ஆட்டிறைச்சிக் கறி. போத்தலைத் திறந்து ஒவ்வொருவர் மூக்கிலும் பிடித்தேன். கம்பனி தந்த புத்தகத்தையும் படங்களையும் கையோடு கைமாற்றினேன். ஒரு படத்தில் பப்புவா ஆட்கள் பத்துப் பேர் சேற்றுக்குள் நின்று துளையிடும் குழாயைத் தோளில் சுமக்கிறார்கள். என் அப்புவும் வெள்ளைக்காரத் துரைக்குச் சாமான் சுமந்தவர்தான். அன்றைக்கு அது என் நினைவில் வரவில்லை.

பரமட்டா ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்த ஒரு பிள்ளை மட்டும் அந்தப் படத்தைக் கன நேரம் பார்த்தாள். தனியாக வந்து வேலை செய்கிறவள். புருஷனும் மூன்று வயது மகளும் ஊரில். அவர்களைக் கூப்பிடுவதற்கென்று சம்பளத்தில் பாதியை மிச்சம் பிடிக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணை, அங்க இருக்கிற சனத்திட்டக் கேட்டவையளோ, தோண்டலாமோ எண்டு?"

"எங்களிட்ட ஆர் தங்கச்சி கேட்டவன், தேயிலை போடேக்கை?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் படத்தை அடுத்தவரிடம் கொடுத்தாள்.

ஒரு டொக்டர் கோலைப் பற்றிக் கேட்டார். "அவன் கேக்கிற நேரம் எங்களிட்டக் காசு இல்லாட்டி என்ன செய்யிறது?"

என் வாழ்க்கையில் நான் கொடுத்த பதில்களிலேயே கெட்டிக்காரத்தனமான பதில் என்று அன்றைக்கு நினைத்ததைச் சொன்னேன்.

"சீட்டுத் தெரியுந்தானே? மாதாமாதம் கட்டுறம். எல்லாரும் கட்டினாத்தான் சீட்டு. இடையில ஒருத்தர் விட்டா மற்றவையின்ர தலையில விழும். கோல் எண்டது சீட்டுக்கு வெள்ளைக்காரன் வைச்ச பேர். அவ்வளவுதான்."

ஒரு நிமிஷத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சீட்டை இடையில் விட்டவனின் வீட்டில் எங்கள் ஊரில் கலியாணம் பேச மாட்டார்கள். அது எவ்வளவு கெட்டியான கட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கணக்காளர் தம்பி புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு மூடினார்.

"எப்பிடித் தம்பி?"

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாங்கள், அண்ணை."

அவரும் சேர்ந்தார். அன்றைக்குச் சேராமல் போன ஆள் யாரும் இல்லை. திங்கட்கிழமை நான் பத்திரக் கட்டோடு போனபோது வெள்ளையன் பக்கத்து அறையிலிருந்த ஆட்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான்.

முதல் கோல் நாலைந்து மாதத்தில் வந்தது. எல்லாரும் கட்டினார்கள். கம்பனிக் கடிதம் தபாலில் போனாலும் வசூல் என் வானில்தான் நடந்தது. கறித்தூளைக் கொடுத்துவிட்டு, செக்கை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைப்பேன். கணக்காளர் தம்பி மட்டும், "நான் நேரே ஒஃபிஸில கட்டுறன், அண்ணை, நீங்கள் ஏன் அலைவான்" என்றார். படித்தவர், ஒழுங்கானவர் என்று மற்ற வீடுகளில் அவரைப் புகழ்ந்தேன்.

இரண்டாவது கோல் வந்தபோது நேர்ஸ் பிள்ளை வென்ட்வேர்த்வில்லில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். கட்டிலில் ஒரு பெரிய கடித உறை. புருஷனுக்கும் மகளுக்கும் விசா வந்துவிட்டது. இனி ரிக்கெட் போடுவதுதான் மிச்சம்.

"அண்ணை, இந்த முறை நான் கட்டாமல் விடட்டோ? ரிக்கெட் காசில கைவைக்க வேண்டி வரும்."

"எத்தினை அடி இறங்கிட்டுது தெரியுமோ? இப்ப விட்டா முதல் போட்டதும் போச்சு."

"அது போகட்டும். எனக்கு மகளைப் பாக்கவேணும்."

அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது. சொல்லவில்லை. ஒரு வீடு விட்டால் அடுத்த வீடும் விடும் என்ற பயம் எனக்கு. வெள்ளையன் கதிரையைத் திரும்பச் சுவரோடு தள்ளிவிடுவான் என்ற பயமும் இருந்தது.

"தங்கச்சி, சீட்டெண்டு சொல்லித்தானே எல்லாரும் சேர்ந்தவை. நீர் விட்டா டொக்டர் வீட்டுத் தலையில விழும். அவையின்ர முகத்தை எப்பிடிப் பாப்பீர்? எண்ணெய் வந்தா மனிசனும் மகளும் மாத்திரமில்லை, முழுக் குடும்பமும் பிளேனில வரும்."

அவள் அலுமாரியைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்தாள். மூன்றாவது கோலுக்கு அவள் ஒன்றும் கேட்கவேயில்லை. நான் வருவேன் என்று தெரிந்து செக்கை எழுதி வைத்திருந்தாள். ரிக்கெட் காசு அதோடு முடிந்தது. விசாவில் போட்டிருந்த நாளும் சில மாதத்தில் முடிந்தது.

கிணற்றில் வந்தது சேறும் உப்புத் தண்ணீரும். கொஞ்சம் காற்று வந்தது என்றும் சொன்னார்கள். கம்பனியை மூடுகிற கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. ஒரு ஹோட்டலின் மேல்மாடி மண்டபம். நூறு கதிரை போட்டிருந்தார்கள், பதினைந்து பேர்கூட இல்லை. அதில் பாதி நாங்கள். வெள்ளையன் வரவில்லை, அவனுடைய வக்கீல் வந்து வாசித்தார்.

எங்கள் ஆட்கள் வருவதற்கு முன்னமே நான் போய்விட்டேன். வாசலில் பெயர் பதிகிற வெள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். நல்ல மனுஷி. என் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. பேரேட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"உங்கள் ஆட்களைப் பற்றி ஒஃபிஸில் எந்த நாளும் பேச்சு. கடைசிக் கோல் வரைக்கும் கட்டினவர்கள் கிட்டத்தட்ட நீங்கள் மட்டும்தான். மற்றவர்கள் முதல் கோலோடு விட்டுவிட்டார்கள்."

"விட்டால் வழக்குப் போட மாட்டார்களா?"

அவள் என்னை வடிவாகப் பார்த்தாள். "இது பொறுப்பில்லாக் கம்பனிதானே. பெயருக்குப் பின்னால் இருக்கிற இரண்டு எழுத்தும் அதைத்தான் சொல்கிறது. விருப்பமில்லை என்றால் கட்டத் தேவையில்லை. பங்கு போகும், அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இந்த நாட்டில் சுரங்கத்துக்கும் எண்ணெய்க்கும் இதுதான் வழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? அந்தப் பக்கங்களில் வெள்ளைக்காரப் பெயர்களை எல்லாம் சிவப்பில் கோடு போட்டு வெட்டியிருந்தது. கோடு இல்லாமல் நின்றவை எங்கள் நீளமான பெயர்கள். அவற்றுக்கு நடுவில் எங்கள் ஆள் ஒருவரின் பெயரிலும் சிவப்புக் கோடு இருந்தது.

கணக்காளர் தம்பியின் வீட்டுக்கு நேரே போனேன். அவர் முற்றத்தில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் எத்தினையாம் கோலில விட்டனீர்?"

அவர் மெஷினை நிற்பாட்டினார். "முதலாவதிலயே, அண்ணை."

"அப்ப உமக்குத் தெரியும்."

"புத்தகத்தில இருந்தது. வாசிச்சனான்."

"அண்டைக்கு அந்தச் சபையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் நடுவில நிண்டு சீட்டு எண்டு எல்லாருக்கும் விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கிறியள். நான் எழும்பி, அண்ணைக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது எண்டு சொல்லுறதோ? உங்கட மரியாதைக்குத்தான் பேசாமல் விட்டனான்."

"பிறகு தனியச் சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் ஆரிட்டயும் ஒண்டும் கேக்கிற ஆளில்லையே, அண்ணை."

இந்தப் பதிலை இத்தனை வருஷமாகப் புரட்டிப் பார்க்கிறேன், அதில் எனக்குத் திருப்பி அடிக்க ஒரு இடமும் கிடைக்கவில்லை. அவர் அந்த மரியாதையில் தன் காசையும் காப்பாற்றிக்கொண்டார், என் மரியாதையையும் காப்பாற்றினார். நான் அவர் வீட்டுக்கு மட்டும் அதற்குப் பிறகு போகவில்லை. அவருக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

மற்ற வீடுகளுக்குப் போனேன். கிணறு வற்றல், காசு போய்விட்டது என்றேன். டொக்டர் வீட்டில் தேத்தண்ணி தந்து, "உங்களில என்ன பிழை அண்ணை, நிலத்துக்குக் கீழ என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கட்டாமல் விட்டிருக்கலாம் என்பதை நான் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை.

நேர்ஸ் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் நிற்கிற இடத்தில் கண்டேன். வேலை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நின்றாள். கிணறு வற்றின கதை அவளுக்கு ஏற்கெனவே போயிருந்தது.

"அண்ணை, ஒண்டு கேக்கவேணும். வார்டில ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் சொல்லுறா, அவவின்ர மனிசனும் இதில போட்டவராம். முதல் கோலுக்கே கட்டாமல் விட்டிட்டாராம், ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையாம். அப்பிடி விடலாமோ?"

கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் சட்டைப் பையில் கொமிஷன் காசு இருந்தது என்று எழுதினால் பொய். வங்கியில் இருந்தது. அவளுடைய இரண்டு ரிக்கெட்டுக்கும் அது போதும். நான் அந்தச் சனத்துக்குள் யாராக இருந்தேன் என்பது முழுக்க அந்த நிமிஷத்தில் என் வாயில் தொங்கியது.

"அது அவையளுக்கு, தங்கச்சி," என்றேன். "எங்களுக்கு விடேலாது."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? எங்களை இந்த நாட்டுக்குள் விடுவதற்கே அப்போது ஒரு தனிச் சட்டம் இருந்தது. அவையளுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று சொன்னால் எங்களில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"நானும் அப்பிடித்தான் இருக்குமெண்டு நினைச்சனான்," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினாள்.

விசாவுக்குத் திரும்ப எழுதி, திரும்பக் காசு சேர்த்து, அவர்கள் வந்து சேர இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. விமான நிலையத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவாள்? சாமான் ஏற்ற வான் வைத்திருந்தவன் நான் ஒருவன்தானே.

பிள்ளை தகப்பனின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னாலேயே நின்றது. தாய் குனிந்து கையை நீட்டினாள். பிள்ளை வரவில்லை. வானில் ஏறியதும் தகப்பனின் மடியில் முகத்தைப் புதைத்தது. பாதி வழியில் தாகம் என்று சொல்ல, தாய் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள்.

"தாங்க் யூ அன்ரி," என்றது பிள்ளை. ஊரில் யாரோ இங்கிலீஷ் பழக்கி அனுப்பியிருந்தார்கள்.

தகப்பன், "அன்ரி இல்லையடி" என்று தொடங்கினான். அவள் அவனைக் கையால் மறித்தாள்.

"விடுங்கோ. அவளில பிழையில்லை."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வென்ட்வேர்த்வில்லில் இறங்கும்போது பெற்றோலுக்கு எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். புருஷனிடம் என்னைக் காட்டி, "இஞ்ச எங்களுக்கெண்டு இருக்கிறவர் இவர்தான்," என்று சொன்னாள். அவன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் கையை விடுவித்துக்கொண்டு பின்கதவைத் திறந்து, அவர்களுடைய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன்.